ஏன் பஸ்ல போகலைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி

(தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்களுக்கான சென்னைப் பயிற்சிக் கூட்டத்தில் நம் அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பஸ்ல, ரயில்ல போகும்போது படிங்க. பைக் ஓட்டுறவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. போஸ்டர் டிசைன் பண்ணுவேன், ரீல்ஸ் எடிட் பண்ணுவேன், ராத்திரி 2 மணிக்கு ஒரு ஹேஷ்டேக் போடணும்னா முழிச்சிருந்து போடுவேன். இன்னைக்கு என்னைப் பேசச் சொன்னதுக்குக் காரணம் நான் போட்ட ஒரு போஸ்டர். அது நல்லா ஓடுச்சு. ஆனா அது தப்பான போஸ்டர். அதை ஏன் தப்புன்னு சொல்றேன்னு விளக்கத்தான் வந்திருக்கேன்.

போஸ்டர் இதுதான். இடது பக்கம் ஒரு பஸ். வலது பக்கம் வரிசையா 60 பைக். மேல எழுத்து: "ஒரு பஸ்ஸில் 60 பேர். 60 பைக்கில் 60 பேர். சென்னையை நெரிப்பது யார்? நீங்கதான்!" நம்ம தோழர்கள் எல்லாரும் ஷேர் பண்ணினாங்க. நெருப்பு எமோஜி கொட்டுச்சு. எனக்கு ரொம்பப் பெருமை.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல அம்மாகிட்ட காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சாங்க. "டேய், நீயே பைக்லதானே போறே? உன்னை நீயே திட்டிக்கிட்டியா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த தங்கச்சி மட்டும் சிரிக்கலை. "அண்ணா, அந்த 60 பைக்குல பொண்ணுங்க எத்தனை பேர்? அந்த பஸ்ஸுல எத்தனை பேர்? கேட்டியா?"ன்னா.

கேட்கலை. ஒருத்தர் ஏன் பைக்ல போறார், ஒருத்தர் ஏன் பஸ்ஸுக்கு நிக்கிறார், ஒருத்தர் ஏன் வீட்டை விட்டே கிளம்பலைன்னு நான் கேட்கவே இல்லை. திட்டிட்டேன், அவ்வளவுதான்.

தோழர்களே, நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்களுக்குப் பாடத்துல ஒரு கணக்கு உண்டு. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு நாலு வழி இருக்கு, எது குறைந்த நேரம், எது குறைந்த செலவு, கண்டுபிடி. அதைத்தான் நான் போஸ்டரா போட்டேன். மனுஷன் அப்படி மட்டும் கணக்குப் போடுறதில்லை. இதை உளவியல்ல அழகாச் சொல்லியிருக்காங்க. ஐசக் அய்சென் என்ற உளவியல் அறிஞர் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் போக்குவரத்து ஆய்வாளர்கள் பயன்படுத்துறது. அதை நம்ம பாஷையில சொன்னா, ஒருத்தர் ஒரு காரியத்தைச் செய்யறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள மூணு கேள்வி ஓடுது.

ஒண்ணு, இது எனக்கு நல்லதா?
ரெண்டு, நாலு பேர் என்ன சொல்வாங்க?
மூணு, என்னால இது முடியுமா?

இந்த மூணு கேள்வியையும் எங்க வீட்டுக்குள்ளேயே வெச்சுச் சொல்றேன். உங்க வீட்டோட பொருத்திப் பாருங்க.

முதல்ல அம்மா.

நாங்க இப்ப இருக்கிறது சென்னையின் தெற்கு ஓரத்துல ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஆத்தங்கரையில இருந்து எங்களைக் கூட்டிட்டு வந்து விட்டாங்க. வீடு மாறிச்சு. அம்மாவோட வேலை மாறலை. அவங்க சமைக்கப் போற மூணு வீடும் பழைய ஏரியாவுலதான். முன்னாடி நடந்து போன தூரம். இப்ப ரெண்டு பஸ்.

2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாநிலத் திட்டக் குழு செஞ்ச ஆய்வு, இதனால ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சம்னு சொல்லுது. எங்க அம்மாவுக்கு அது கேஸ் சிலிண்டர் காசு. சந்தோஷம்தான்.

ஆனா ஒரு நாள் நான் அவங்களோட பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஒரு டீலக்ஸ் வந்துச்சு. அம்மா ஏறலை. இன்னொண்ணு வந்துச்சு. அதுக்கும் ஏறலை. "ஏம்மா?"ன்னேன். "அது காசு பஸ்ஸுடா." வெள்ளைப் பலகை பஸ் வர 35 நிமிஷம் ஆச்சு. அந்த 35 நிமிஷம் அம்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. உட்கார இடம் இல்லை. முட்டி வலி உள்ளவங்க. கட்டணம் ரூபாய்ல இல்லைன்னா, அதை நேரத்துலயும் கால் வலியிலயும் கட்டுறாங்க. எங்க அம்மா பஸ்ல போறதை மட்டும் பார்த்துட்டு "பாருங்க, பொதுப் போக்குவரத்தை விரும்புறாங்க"ன்னு எழுதினா அது பாதிக் கதை. வேற வழி இல்லாததாலதான் அவங்க அந்த பஸ்ஸுக்கு நிக்கிறாங்க.

இன்னொண்ணையும் கவனிச்சேன். நான் ஆபீஸ் போறேன், திரும்பி வர்றேன். ஒரு கோடு, அவ்வளவுதான். அம்மா போற வழி அப்படி இல்லை. முதல் வீடு, அங்கிருந்து ரெண்டாவது வீடு, நடுவுல ரேஷன் கடை, மூணாவது வீடு, திரும்பி வரும்போது மருந்துக் கடை, காய்கறி. ஆறு சின்னச் சின்னப் பயணம், ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி. பெரும்பாலான பெண்களோட பயணம் இப்படித்தான் இருக்கும்னு போக்குவரத்து ஆய்வுகள் பல நாட்டுல சொல்லுது. நம்ம பஸ் ரூட்டும் ரயில் பாதையும் "காலையில உள்ளே, சாயங்காலம் வெளியே"ன்னு ஆபீஸ் போறவங்களை மனசுல வெச்சு வரைஞ்சது. கையில ரெண்டு பையும், இடுப்புல ஒரு குழந்தையும் வெச்சுக்கிட்டு ஆறு இடம் போறவங்களுக்கு அந்தக் கோடு பொருந்தாது.

இதுல நடந்து போறவங்களையும் சேர்த்துக்கணும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வேலைக்கு எதுல போறீங்கன்னு கேட்டாங்க. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்யறவங்கள்ல, இந்தியா முழுக்க, ஐந்துல ஒருத்தருக்கு மேல நடந்துதான் வேலைக்குப் போறாங்க. கார்ல போறவங்க 100-க்கு 3 பேர்கூட இல்லை. ஆனா நம்ம ஊர்ல எந்த ரோடு போட்டாலும் முதல்ல குறையறது நடைபாதை. 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமைன்னு ஒரு கொள்கையையே ஏத்துக்கிச்சு. 2019-ல் பாண்டி பஜார்ல அகலமான நடைபாதை வந்துச்சு. போய்ப் பாருங்க, வயசானவங்க, குழந்தைகள் எல்லாம் நிம்மதியா நடக்கிறாங்க. அப்படி ஒரு நடைபாதை எங்க பஸ் ஸ்டாப்புல இருந்து எங்க பிளாக் வரைக்கும் கிடையாது.

இப்ப ரெண்டாவது. தங்கச்சி.

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு. அவகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன்.

அவ பி.காம். முடிச்சவ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நகரத்துக்குள்ள ஒரு நிறுவனத்துல கணக்குப் பிரிவுல வேலை கிடைச்சது. சம்பளம் 19,000. வேலை முடியறது ராத்திரி 9 மணி. அதே நேரத்துல எங்க ஏரியாவுலயே ஒரு கடையில பில் போடுற வேலை, சம்பளம் 11,000. அவ எதுல சேர்ந்தா? 11,000-ல.

நான் கத்தினேன். "உனக்கு முன்னேறணும்னு ஆசையே இல்லை. எல்லாப் பொண்ணுங்களும் போகலையா?"ன்னு கேட்டேன். அவ பதில் சொல்லலை. போஸ்டர் காட்டின அன்னைக்குத்தான் சொன்னா. மெயின் ரோடு ஸ்டாப்புல பஸ் இறங்கி வீட்டுக்கு வர 10 நிமிஷ நடை. வழியில தெருவிளக்கு எரியாது. ஒரு மதுக்கடை இருக்கு. முதல் இண்டர்வியூ முடிஞ்சு ராத்திரி வரும்போது ரெண்டு பேர் பின்னாடியே வந்திருக்காங்க. அவ அதை வீட்டுல சொல்லலை. சொன்னா வேலைக்கே போக வேணாம்னு சொல்லிடுவோம்னு பயம். "தினமும் நீ வந்து கூட்டிட்டுப் போகணும்னா அது உன் வேலையைக் கெடுக்கும். வராத அன்னைக்கு எனக்குப் பயம். அதான் பக்கத்துலயே பார்த்துக்கிட்டேன்"ன்னா.

மாசம் 8,000 ரூபாய். வருஷத்துக்கு 96,000. ஒரு பத்து நிமிஷ இருட்டுக்கு எங்க வீடு கட்டின விலை அது. நான் அதுக்கு வெச்ச பேரு "ஆசை இல்லை".

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லை. பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர், டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவிகளோட தினசரி வழியையும் அவங்க சேர்ந்த கல்லூரியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதுகாப்பான வழி கிடைக்கும்னா, மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிற நல்ல கல்லூரியை விட்டுட்டு, தரம் குறைஞ்ச கல்லூரியில சேரப் பெண்கள் தயாரா இருக்காங்க. பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட அதிகமாச் செலவும் செய்யறாங்க. அதாவது, வழியில இருக்கிற பயம் ஒரு பொண்ணோட படிப்பையே முடிவு பண்ணுது. அது எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்புலயும் வராது. ஏன்னா அவ அந்த வழியில போகவே இல்லையே! போகாத பயணத்தை யார் எண்ணுவாங்க?

மூணாவது, நான்.

நான் ஏன் பைக் வாங்கினேன்? உண்மையைச் சொல்றேன். பஸ் வசதி இல்லைங்கிறது ஒரு காரணம். அது மட்டும் இல்லை. முதல் இண்டர்வியூலயே "டூ-வீலர் இருக்கா, லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேட்டாங்க. கூடப் படிச்சவங்க எல்லாரும் பைக்ல வந்தப்போ நான் மட்டும் பஸ்ல இறங்கி வேர்த்து விறுவிறுத்துப் போவேன். சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு மாமா கேட்டார், "இன்ஜினியருங்கிறே, இன்னும் பஸ்லதான் வர்றியா?" அடுத்த மாசமே தவணையில பைக் எடுத்தேன். மாசம் 3,400 ரூபாய். அதுல பாதி அந்த மாமாவுக்குப் பதில் சொல்றதுக்காகக் கட்டினது.

இதுதான் "நாலு பேர் என்ன சொல்வாங்க". நம்ம ஊர்ல வண்டி வெறும் வண்டி இல்லை. சைக்கிள்ல போனா ஏழை, பஸ்ல போனா சுமார், பைக்ல போனா பரவாயில்லை, கார்ல போனா வளர்ந்துட்டான். இந்த ஏணியை வெச்சுக்கிட்டு "எல்லாரும் பஸ்ல வாங்க"ன்னா யார் இறங்கி வருவாங்க?

இதுல நம்ம பங்கும் இருக்கு தோழர்களே. நான் எல்லாக் கட்சிப் பக்கத்தையும் பார்க்கிறவன். பெண்கள் கட்டணமில்லாம போறதை "ஓசி"ன்னு கிண்டல் பண்ணி எத்தனை மீம் வந்திருக்கு? டெல்லியில 2019-ல், இங்கே 2021-ல், கர்நாடகத்துலயும் தெலங்கானாவுலயும் 2023-ல் இந்த மாதிரித் திட்டம் வந்துச்சு. வேற வேற கட்சி ஆட்சி. எல்லா இடத்துலயும் அதே கிண்டல். அந்த மீமைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு பஸ்ல கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்கக் கூச்சப்பட்டா, அது நம்ம போன்ல இருந்து போன கூச்சம். நம்ம பக்கத்துல அந்த வார்த்தை ஒரு நாளும் வரக்கூடாது. மாற்றுக் கட்சியைத் திட்ட ஆயிரம் விஷயம் இருக்கு. பஸ்ல நிக்கிற பொண்ணைத் திட்டி அதைச் செய்ய வேணாம்.

அதே சமயம், நாலு பேர் சொல்றது மாறவே மாறாதுன்னும் நினைக்காதீங்க. 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்ப ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுத்தாங்க. பெண் சைக்கிள் ஓட்டினா கேலி பேசின ஊர்கள்ல, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஒருத்தி தனியா ஓட்டினா ஊர் சிரிக்கும். ஊரே ஓட்டினா யார் சிரிக்கிறது? பின்னாடி பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் வந்துச்சு, 2018-ல் வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் வந்துச்சு. யார் ஆட்சியில வந்ததுங்கிற சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். ஒரு பொண்ணு கையில ஹேண்டில் பார் இருந்தா வீட்டுல முடிவு எடுக்கிற முறையே மாறுதுங்கிறதைப் பார்த்த மாநிலம் இது.

இப்ப மூணாவது கேள்விக்கு வர்றேன். என்னால முடியுமா?

இதுக்கு சென்னையிலேயே பெரிய உதாரணம் பறக்கும் ரயில். கடற்கரையில இருந்து சேப்பாக்கம் வரைக்கும் 1995-ல் வந்துச்சு. மயிலாப்பூருக்கு 1997-ல். வேளச்சேரிக்கு 2007-ல். டிக்கெட் விலை பஸ்ஸைவிடக் குறைவு. டிராஃபிக் கிடையாது. என் இன்ஜினியரிங் கணக்குப்படி சென்னையே அதுல ஏறியிருக்கணும். ஏறலை. எதிர்பார்த்த கூட்டம் வருஷக்கணக்கா வரலை. ஏன்? ஸ்டேஷன் பெரிய கான்கிரீட் கோட்டை மாதிரி, உள்ளே பாதி காலி. வெளியே வந்தா பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம். பஸ் ஸ்டாப் எங்கேன்னு தேடணும். ராத்திரி நேரத்துல அந்தப் படிக்கட்டுல தனியா ஏறி இறங்கப் பெண்கள் யோசிப்பாங்க. முட்டி வலி உள்ள எங்க அம்மா, படியைப் பார்த்தே திரும்பிடுவாங்க. ரயில் ஓடுற கிலோமீட்டரைக் கணக்குப் போட்டாங்க. ரயில்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் இருக்கிற அந்த அரை கிலோமீட்டரை யாரும் கணக்குப் போடலை.

சக்கர நாற்காலியில இருக்கிற ஒரு தோழரை நினைச்சுப் பாருங்க. பஸ்ஸோட முதல் படியே அவருக்கு மதில் சுவர். மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினதுக்கு அப்புறம்தான் 2024-ல் சென்னைக்குப் புதுசா தாழ்தளப் பேருந்துகள் வந்துச்சு. கட்டணமில்லாப் பயணம் அவங்களுக்கும் உண்டு. ஆனா ஏறவே முடியாத பஸ்ல இலவசம் எதுக்கு?

வீடு இருக்கிற இடமும் இந்தக் கேள்விக்குள்ளதான் வருது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-க்கு அப்புறம் கூவம் கரை, அடையாற்றங்கரை, கடலோரம்னு நகரத்தோட நடுவுல இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டு போய்ச் சேர்த்த இடங்கள். பலருக்குப் பழைய வேலையிடம் 20 கிலோமீட்டருக்கு அப்பால. அங்கே வீட்டு வேலை செஞ்ச பெண்கள் நிறைய பேர் வேலையையே விட்டாங்க. பசங்க பள்ளிக்கூடம் மாறினாங்க, சிலர் நின்னுட்டாங்க. அவங்க எல்லாம் "பயணத் தேர்வு" செஞ்சாங்களா? அவங்களுக்காக வேற யாரோ தேர்வு செஞ்சுட்டாங்க. கோப்புல கையெழுத்துப் போட்டவங்களுக்கு அது வீட்டு வசதித் திட்டம். அங்கே போய் இறங்கினவங்களுக்கு அது தினமும் மூணு மணி நேரப் பயணம்.

கடைசியா ஒண்ணு, பழக்கம்.

2014 பிப்ரவரியில லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் ரெண்டு நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சில ஸ்டேஷன் மூடினாங்க, சிலது திறந்திருந்துச்சு. மக்கள் வேற வழி தேடிப் போனாங்க. பிறகு ஆய்வாளர்கள் பயண அட்டைத் தகவலை வெச்சுப் பார்த்தப்போ, பாதிக்கப்பட்டவங்கள்ல சுமார் 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிஞ்ச பிறகும் புது வழியிலேயே தொடர்ந்து போனாங்கன்னு தெரிஞ்சது. அதாவது அவங்களுக்கு ஏத்த வழி பக்கத்துலயே இருந்திருக்கு. வருஷக்கணக்கா தேடிப் பார்க்கவே இல்லை. நம்மளும் அப்படித்தான். பைக் சாவி ஆணியில தொங்கும், கை தானா எடுக்கும்.

பழக்கம் எப்ப உடையும்? வீடு மாறும்போது, வேலை மாறும்போது, குழந்தை பிறக்கும்போது, புதுப் பாதை திறக்கும்போது. சென்னை மெட்ரோ 2015 ஜூன்ல ஆலந்தூர் – கோயம்பேடு பாதையோட தொடங்குச்சு. இப்ப இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டருக்கு, பழைய மகாபலிபுரம் சாலை வழியாவும் வருது. எங்க பக்கத்து மக்களுக்குப் பழக்கத்தை மாத்திக்க அது பெரிய வாய்ப்பு. ஆனா ஸ்டேஷன்ல இருந்து குடியிருப்புக்கு மினி பஸ் இல்லை, நடைபாதை இல்லை, விளக்கு இல்லைன்னா, அதுவும் இன்னொரு பறக்கும் ரயில் ஆயிடும். திறப்பு விழா நாள்ல செல்ஃபி எடுத்துட்டு மறுநாள் பைக்லயே போவோம்.

சரி, நாம என்ன செய்யணும்?

முதல் வேலையா நான் அந்த போஸ்டரை எடுத்துட்டேன். எதுக்கு எடுத்தேன்னும் கீழே எழுதினேன். லைக் குறைவாத்தான் வந்துச்சு. பரவாயில்லை.

ரெண்டாவது வேலை உங்களுக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை உங்க தெருவுல 10 வீட்டுக்குப் போங்க. கட்சி நோட்டீஸ் கொடுக்க வேணாம். இந்த அஞ்சு கேள்வியை மட்டும் கேளுங்க.

1. வீட்டுல யார் யார், எங்கே, எத்தனை மணிக்குப் போறாங்க, திரும்பி வர்றாங்க?
2. பஸ் ஸ்டாப்போ ரயில் ஸ்டேஷனோ இருக்கிற இடத்துல இருந்து வீடு வரைக்கும் எப்படி வர்றீங்க? அந்த வழியில பிரச்சினை என்ன?
3. எவ்வளவு நேரம் காத்திருக்கீங்க?
4. போகணும்னு நினைச்சுப் போக முடியாம விட்ட வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி ஏதாவது உண்டா?
5. ஒரே ஒரு விஷயம் மாறினா நீங்க வேற மாதிரி பயணம் பண்ணுவீங்கன்னா, அது என்ன?

நாலாவது கேள்வியை வீட்டுப் பெண்கள்கிட்ட நேரடியாக் கேளுங்க. அதுக்கு நம்ம மகளிர் அணித் தோழர்கள் கூட வரணும். வீட்டு ஆம்பளை முன்னாடி வந்து நின்னு "அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்"னுதான் சொல்வார். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். பேரு, போன் நம்பர் எழுதாதீங்க. போட்டோ எடுக்காதீங்க. பதிலை மட்டும் எழுதுங்க.

எங்க குடியிருப்புல நாங்க ஏழு பேர் சேர்ந்து இதைச் செஞ்சு பார்த்தோம். ஸ்டாப்புல இருந்து எங்க பிளாக் வரைக்கும் விளக்குக் கம்பங்களை எண்ணினோம். 14 கம்பம், எரியறது 5. எரியாத ஒவ்வொரு கம்பத்தோட எண்ணையும் எழுதி மனு கொடுத்தோம். "இருட்டா இருக்கு"ன்னு மட்டும் எழுதினா கோப்பு தூங்கும். கம்ப எண்ணோட எழுதினா யாராவது ஒருத்தர் பதில் சொல்லியே ஆகணும். மூணு தடவை போனோம். இப்ப 11 எரியுது. மீதி 3-க்கு அடுத்த வாரம் திரும்பப் போறோம். வெள்ளைப் பலகை பஸ் காலையில எத்தனை மணிக்கு வருதுன்னு அம்மாவும் அவங்க கூட்டாளிகளும் ஒரு மாசமா காலண்டர் பின்னாடி எழுதி வெக்கிறாங்க. அதை வெச்சுத்தான் அடுத்த மனு.

ஆளுங்கட்சியா இருந்தாலும் எதிர்க்கட்சியா இருந்தாலும், இந்த மாதிரிக் காகிதம் கையில இருந்தாத்தான் நம்ம கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. யார்கிட்டேயும் போய் உட்கார்ந்து பேச முடியும். வெறும் ஹேஷ்டேக்கை வெச்சுக்கிட்டுப் பேச முடியாது. நம்ம தலைமைகிட்டேயும் இதைக் கொடுத்து, தேர்தல் அறிக்கையில "புதிய பேருந்துகள் விடப்படும்"னு ஒரு வரி போட்டா போதாது, ஸ்டாப்புல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் என்ன செய்வீங்கன்னு எழுதுங்கன்னு கேட்கலாம். கேட்கணும்.

தங்கச்சி என்ன ஆனான்னு சிலர் கேட்பீங்க. அந்த 19,000 ரூபாய் வேலை எப்பவோ வேற யாருக்கோ போயிடுச்சு. அது திரும்பி வராது. விளக்கு எரிஞ்ச அன்னைக்கு ராத்திரி, நானும் அவளும் ஸ்டாப்புல இருந்து வீடு வரைக்கும் நடந்தோம். பாதி வழியில அவ என்னை நிறுத்தி, "நீ இங்கேயே நில்லு, நான் தனியாப் போய்ப் பார்க்கிறேன்"ன்னா. நான் நின்னேன். அவ நடந்து போய், பிளாக் வாசல்ல நின்னு கை காட்டினா. போன வாரம் ரெண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கா. ரெண்டும் நகரத்துக்குள்ள.

உங்க தெருவுல எத்தனை கம்பம் எரியலைன்னு இன்னைக்கு ராத்திரி எண்ணிட்டு, கமெண்ட்ல எழுதுங்க. கம்ப எண்ணோட எழுதுங்க.



#வீட்டுவாசல்வரைக்கும்